தேய்மானம் என்னும் பூச்சாண்டி

"கூனிமேட்டுக்கா போகிறீர்கள்? பொருத்தமான ஊர்தான். முதுகை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருக்கிறீர்களே!" என்றாள் என் மனைவி.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தச் சமயத்தில் நான் ஒரு கேள்விக்குறியைப் போலத்தான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். புத்தக அலமாரியைத் தனியாக நகர்த்தப் போய் இடுப்பில் பிடித்துக்கொண்டது. உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "மூன்று வாரம் அசையாமல் படு, தானாகச் சரியாகிவிடும்" என்று உத்தரவு போட்டார். எனக்கும் பிடித்தமான உத்தரவுதான். படுத்தேன். மூன்று வாரத்தில் மூன்று நாவல்களைப் படித்து முடித்தேன். இடுப்பு வலி மாத்திரம், நம் பத்திரிகைத் தொடர்கதைகளைப் போல, வாரா வாரம் 'தொடரும்' போட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் என் தங்கையின் பிள்ளை வந்து சேர்ந்தான். பிஸியோதெரபி படித்தவன். கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு வலியைக் கொடுத்தது அலமாரி. அதை வளர்த்தது இந்தக் கட்டில்" என்றான்.

"ஓய்வு எடுத்தால் தப்பா?" என்று கேட்டேன்.

"1986-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இடுப்பு வலி என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு 2 நாள் படுக்கை, மற்றப் பாதிக்கு 7 நாள் படுக்கை. 7 நாள் படுக்கச் சொன்னவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை; வேலைக்குப் போகாத நாள்தான் அதிகம். 1995-ல் பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படுக்கவும் வேண்டாம், விசேஷப் பயிற்சியும் வேண்டாம், வலி தாங்குகிற வரையில் வழக்கமான காரியங்களைப் பாருங்கள் என்று ஒரு கூட்டத்தாரிடம் சொன்னார்கள். அவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். எழுந்திருங்கள், எனக்குக் கூனிமேட்டில் ஒரு வேலை இருக்கிறது. கூட வந்தால் நடந்த மாதிரியும் ஆயிற்று."

இப்படித்தான் ஐப்பசி மாதத்து மழை நாளொன்றில் நான் கூனிமேடு போய்ச் சேர்ந்தேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணத்தை நோக்கிப் போகும்போது வரும் கடலோர ஊர் அது. இன்று பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் 1680-களில் இங்கிலீஷ் கம்பெனியார் இங்கே பண்டகசாலை வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்கள். வாயில் நுழையாத பெயரைக் 'கோனிமீர்' என்று தங்கள் இஷ்டத்துக்கு எழுதிவைத்தார்கள். பிறகு கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டை கிடைத்ததும் இந்த ஊரை மறந்துவிட்டார்கள். கடலும் உப்பும் மறக்கவில்லை. இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்பைப் பற்றிப் பேசுகிறபோது அடுத்தபடியாகச் சொல்லவேண்டிய இடம் அது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் விடிவதற்கு முன்பே அங்கே வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

மழைக் காலத்தில் மட்டும் பாத்திகள் குளமாகிவிடும். வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அடுப்பு எப்படி எரியும் என்பதே கேள்வி. இதற்காகத்தான் 2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது.

நாங்கள் தேடிப் போன அம்மாளுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். இருபத்தைந்து வருஷமாக உப்பளத்து வேலை. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றார். இரண்டு கையையும் திண்ணையில் ஊன்றி, முழங்காலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒரு 'அம்மாடி' சொல்லி நிமிர்ந்தார். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். அதில் எக்ஸ்ரே படம்.

"எலும்பு தேஞ்சி போச்சின்னு சொல்லிட்டாங்க தம்பி. முட்டியும் தேஞ்சிடிச்சாம், இடுப்பும் தேஞ்சிடிச்சாம். குனியக் கூடாதாம், குந்தக் கூடாதாம், தூக்கக் கூடாதாம். தை பொறந்தா பாத்தி மிதிக்கக் கூப்பிடுவாங்க. நான் இன்னா சொல்றது? இதெல்லாம் கூடாதுன்னா அப்புறம் நான் எதுக்குத்தான் இருக்கறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் மூன்று வாரமாக அதையேதான், கொஞ்சம் நாகரிகமான பாஷையில், கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தத் 'தேய்மானம்' என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே படத்தில் தெரிகிற மாறுதலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் இந்தப் பெயரை வைத்துவிட்டார். கேட்டவுடனே நமக்கு என்ன தோன்றுகிறது? செருப்பு தேய்கிறது, சோப்பு தேய்கிறது. உபயோகிக்க உபயோகிக்கத் தேய்ந்துகொண்டே போய் ஒருநாள் தீர்ந்துவிடும். ஆகவே உபயோகிக்காமல் வைத்திருந்தால் மிச்சமாகும்! இந்தக் கணக்கில் எத்தனை பேர் நாற்காலியோடு ஐக்கியமாகிவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உண்மையில் மூட்டு என்பது உயிருள்ள வஸ்து. அதிலுள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அமுக்கி விடுவதுபோல, அசைவில்தான் அதற்கு ஊட்டம் உள்ளே போய் வருகிறது. அசைக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது.

இன்னொன்று. வலியே இல்லாத ஆரோக்கியமான மனிதர்களின் முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2015-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 50 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு முதுகெலும்புத் தட்டுகளில் 'தேய்மானம்' இருந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 பேருக்கு இருந்தது. ஒருத்தருக்கும் முதுகு வலி இல்லை! தலை நரைப்பதைப் போல உள்ளேயும் கொஞ்சம் நரைக்கிறது, அவ்வளவுதான்.

மருமகப் பிள்ளை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு மஞ்சள் பைக்குள்ளேயே போட்டுவிட்டான். "அம்மா, கையை மார்பில் கட்டிக்கொண்டு இந்தத் திண்ணையிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்திருங்கள், பார்க்கலாம்" என்றான்.

முதல் தடவை எப்படியோ எழுந்துவிட்டார். இரண்டாவது தடவை தொடை வெடவெடவென்று நடுங்கியது. மூன்றாவது தடவை, "முடியல தம்பி."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் உப்புக் கூடையை ஏற்றி, வரப்பு வரப்பாக நாள் முழுக்க நடக்கிறவர்! "ஏண்டாப்பா, இவ்வளவு வேலை செய்கிற உடம்பு இரும்பாக அல்லவா இருக்கவேண்டும்? வலு எங்கே போயிற்று?" என்று கேட்டேன். அந்த அம்மாளும், "அதத்தான் எல்லாரும் கேக்கறாங்க. இவ்ளோ வேலை செய்யற, உனக்கு எக்ஸர்சைசு எதுக்குன்றாங்க" என்றார்.

"வேலை வேறு, பயிற்சி வேறு மாமா" என்றான் அவன். பிறகு விளக்கினான். அன்றைக்கு நான் கேட்ட சமாசாரங்களில் என்னை உலுக்கிவிட்டது இதுதான்.

1951-ல் லண்டனில் பிளாய்டு, சில்வர் என்று இருவர் முதுகுத் தசைகளில் மின்கருவியைப் பொருத்தி, மனிதர்களைக் குனியச் சொல்லிப் பார்த்தார்கள். குனியத் தொடங்கும்போது முதுகுத் தசை மும்முரமாக வேலை செய்கிறது. இன்னும் குனிந்து, முழுக்கக் குனிந்து தொங்கும் நிலைக்கு வந்ததும், திடீரென்று கருவி மௌனமாகிவிட்டது! தசை வேலையை நிறுத்திவிட்டது. அப்படியானால் உடம்பின் பாரத்தை யார் தாங்குகிறார்கள்? எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் தசைநார்களும் முதுகெலும்புத் தட்டுகளும்தான்.

இப்போது உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பிடி போட்ட பலகையால் உப்பை வாரி ஒதுக்குவதாவது பாதி நிமிர்ந்த வேலை. கூடையில் அள்ளுவது முழுக்கக் குனிந்த வேலை. மணிக்கணக்காக அப்படியே நிற்கிறார்கள். பார்க்கிற நமக்கு, முதுகு எவ்வளவு உழைக்கிறது என்று தோன்றும். உழைக்கவேண்டிய தசையோ ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. உழைக்கக் கூடாத நார் இழுபடுகிறது. ரொம்ப நேரம் இழுபட்ட நார் கொஞ்சம் தொளதொளத்துப் போகும். அந்த நிலையில் சட்டென்று கூடையைத் தூக்கித் தலைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? "ஆளைப் பிடித்துக்கொண்டது" என்கிறோம்.

தசைகள் இல்லாத முதுகெலும்பு எவ்வளவு சொற்பமானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இடுப்புப் பகுதியின் 5 எலும்புகளையும் நாரோடு தனியாக எடுத்து, தசையின்றி நிறுத்தி, மேலே பாரம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 9 கிலோவிலேயே வளைந்து போயிற்று. ஒரு சமையல் காஸ் சிலிண்டரில் இருக்கும் காஸின் எடைகூட இல்லை. அதே முதுகெலும்பை வைத்துக்கொண்டுதான் நாம் மூட்டை தூக்குகிறோம், பேரனை உப்பு மூட்டை சுமக்கிறோம். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவது நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகள்தானே? அந்தக் கயிறுகள்தான் தசை. கயிறு தளர்ந்தால் மரத்தைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

முழங்காலிலும் இதே கதை. தொடையின் முன்புறத் தசை திடமாக இருந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். அது சோர்ந்தால் அதிர்ச்சி நேரே மூட்டுக்குப் போகிறது. மூட்டு வீங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், வீங்கிய முழங்கால் தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையையே மட்டுப்படுத்திவிடுகிறது. தசை இன்னும் மெலிகிறது, மூட்டு இன்னும் வலிக்கிறது. அந்த அம்மாள் வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்து இரண்டு வருஷமாகிறதாம். தொடையை நாடாவால் அளந்து காட்டினான். வலது தொடை நன்றாகவே சிறுத்திருந்தது.

வலி போனால் தசை தானாகத் தேறிவிடாதா என்று நான் கேட்டேன். தேறாதாம். 1996-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், முதல் தடவை இடுப்பு வலி வந்து குணமானவர்களைப் பரிசோதித்தார்கள். வலி அடியோடு போய்விட்டது. ஆனால் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசை மட்டும், மெலிந்தது மெலிந்தபடி இருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அது பழைய அளவுக்கு வந்தது.

"தசை வலு என்றால் பயில்வான் மாதிரி மூட்டை தூக்குவது இல்லை மாமா, தாக்குப் பிடிப்பதுதான் முக்கியம்" என்று சொல்லி, என்னை ஒரு சோதனைக்கு ஆளாக்கினான். டென்மார்க்கில் 1984-ல் பீரிங்-சோரன்சென் என்ற டாக்டர் செய்த சோதனை அது. இடுப்பு வரை பெஞ்சில் குப்புறப் படுக்கவேண்டும். இடுப்புக்கு மேலே அந்தரத்தில். காலை ஒருவர் பிடித்துக்கொள்வார். உடம்பை நேராகப் பிடித்துக்கொண்டு எத்தனை வினாடி தாங்குகிறோம் என்பதே கணக்கு. அதிக நேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் புதிதாக முதுகு வலி வருவது குறைவாக இருந்ததாம். திண்ணை விளிம்பில் என்னைக் கிடத்திக் காலைப் பிடித்தான். தெருவில் போன பையன்கள் நாலு பேர் நின்று எண்ணத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு வரை எண்ணினார்கள். அதற்குமேல் எண்ண நான் அவர்களுக்குச் சந்தர்ப்பம் அளிக்கவில்லை.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா என்னையவிட மோசமா இருக்காரு!" அதற்கப்புறம்தான் அவருக்கும் ஒரு தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

"இந்த வயசுக்கு மேலயா தம்பி வலு வரப்போவுது?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம். 1990-ல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் 90 வயதை ஒட்டியவர்கள் 10 பேருக்குத் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். 8 வாரம் முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அவர்களுக்கு முன்னால் இந்த அம்மாள் குழந்தை.

அவன் சொல்லிக் கொடுத்தவை நாலே நாலு. திண்ணையில் உட்கார்ந்து எழுவது. ஆரம்பத்தில் ஒரு பலகையைப் போட்டுத் திண்ணையை உயரமாக்கிக்கொண்டு, கை ஊன்றாமல். உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கிப் பாலம்போல் நிறுத்துவது. குப்புறப் படுத்து நெஞ்சைச் சற்றே தூக்கிப் பிடிப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். இடைப்பட்ட நாளில்தான் தசை வளர்கிறது. சுலபமாகிவிட்டது என்று தோன்றும்போது ஒரு படி கூட்டவேண்டும்: பலகையை எடுத்துவிடுவது, கையில் ஒரு செங்கல்லைப் பிடித்துக்கொள்வது, இப்படி. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முன்னைவிட அதிகமாக வலித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் எனக்குப் புரிந்தது. பயிற்சிக்கு அளவு உண்டு, படிப்படியான ஏற்றம் உண்டு, நடுவே ஓய்வு உண்டு. கூடைக்கு இது ஒன்றும் கிடையாது. முதல் நாளும் அதே கனம், களைத்த மாலையும் அதே கனம். அதிலும் மூன்று மாதம் சும்மா இருந்து இளைத்த தசையோடு, தை மாதத்தில் திடீரென்று பாத்தி மிதிக்கவும் மண் அள்ளவும் இறங்குகிறார்கள். பலருக்கு வலி வருவது அப்போதுதான் என்று அந்த அம்மாளே சொன்னார். ஆகவே மழைக் காலத்தை வீணாக்கக் கூடாது என்பது இவன் யோசனை. பாத்தியில் தண்ணீர் நிற்கும்போதே உடம்பைத் தயார் செய்துகொள்ளவேண்டும்.

கூடவே சாப்பாடு. வலு கூட வேண்டுமென்றால் தசைக்குப் புரதம் வேண்டும். பயறு, கடலை, முட்டை, மீன். கூனி இறால் கருவாடு அந்த வீட்டு உறியிலேயே தொங்கியது. "அதுவே போதும்" என்றான். ஊர்ப் பெயரைச் சொல்லி என்னைக் கேலி செய்த என் மனைவிக்கு அரைப்படி வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் பையின் அடியில் ஓர் அட்டை வலி மாத்திரையும் இருந்தது. வேலைக்குப் போகும் நாளெல்லாம் காலையில் ஒன்று போட்டுக்கொள்வாராம். பெட்டிக் கடையில் கிடைக்கிறதாம். அதைப் பார்த்ததும்தான் பையன் முகம் மாறியது. கொளுத்தும் வெயிலில், உடம்பில் நீர் வற்றிய நிலையில், தினசரி வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் பரம சத்துரு. மாத்திரை இல்லாமலேயே அந்த வெப்பம் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளிகளின் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டிருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் இனித் தொடுவதில்லை என்று அந்த அம்மாளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

எல்லா வலிக்கும் பயிற்சிதான் மருந்து என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, அந்த இடத்தில் மரத்துப் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் துவளுவது, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, வயதானவர்கள் விழுந்தபின் வரும் வலி, மூட்டு சிவந்து கொதிப்பது, இவற்றில் எது இருந்தாலும் திண்ணைப் பயிற்சி கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மற்றபடி பிஸியோதெரபிக்குப் பட்டணம் போகவேண்டும் என்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சையைத் தரவும் ஏற்பாடு செய்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. கூடையின் கனத்தை அப்படியே வைத்துவிட்டு, "நீ பயிற்சி செய், நீ வலுவாகு" என்று சுமக்கிறவரிடமே முழுப் பொறுப்பையும் ஏற்றுவது என்ன நியாயம்? அமெரிக்காவில் தொழிலாளர் நலத்துக்கான அரசாங்க நிறுவனம், எல்லா வசதியும் பொருந்திய நிலையிலேயே ஒரு தடவைக்கு 23 கிலோவுக்கு மேல் தூக்கச் சொல்லக் கூடாது என்று 1990-களின் தொடக்கத்தில் வரையறுத்திருக்கிறது. குனிந்து, சேற்றில் நின்று, மறுபடி மறுபடி தூக்குகிறவர்களுக்கு அது இன்னும் வெகுவாகக் குறையும். வரப்பில் ஒரு தள்ளுவண்டி ஓடுகிற மாதிரி பலகை போட்டுக் கொடுத்தால் எத்தனை முழங்கால் பிழைக்கும்! இதைச் சொன்னபோது பையன், "சொல்லுங்கள் மாமா, பத்திரிகையில் எழுதுங்கள்" என்றான். எழுதிவிட்டேன். அதுவரையில் கூடையைப் பாதி பாதியாக நிரப்பி இரண்டு நடையாக எடுங்கள், அள்ளி முடித்ததும் இரண்டு நிமிஷம் நிமிர்ந்து நின்று, பிறகு தூக்குங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"வலி பூடுச்சான்னு கேக்காத தம்பி. இருக்குது. ஆனா ராத்திரி தூங்கறேன். தை மாசம் முழுக்கப் பாத்தி மிதிச்சேன், ஒரு நாளுகூட நிக்கல. அரைக் கூடையாத் தூக்கறேன்னு மேஸ்திரி மொணமொணக்கறாரு. மொணக்கட்டும். நடை கூடுது, உப்பு குறையலியே?"

"திண்ணையிலிருந்து எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டான் பையன்.

"கை ஊணாம பதினாலு. ஐயா எத்தினி?"

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். பதினொன்று என்று சொல்ல மனம் வரவில்லை. "மாமா வெளியே போயிருக்கிறார் என்று சொல்" என்று ஜாடை காட்டிவிட்டு, மெள்ள நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டேன்.